அம்மா பார்த்த பிறை

பெருநாளுக்கு முந்தைய சாயங்காலம் உங்களுக்கெல்லாம் எப்படி இருக்கும்? எனக்கு உட்கார முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்தால் மொட்டைமாடிக்குப் போகச் சொல்லும், போனால் இறங்கச் சொல்லும். முப்பதைத் தொடப்போகிற வயதில் இது நன்றாகவா இருக்கிறது என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறீர்கள். "எங்களுக்கு நாளைக்குப் பெருநாள், உங்களுக்கு?" என்று குழுவில் ஒரு வரி போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விடுகிறீர்கள். அந்த ஒரு வரி இங்கே நாலு வீட்டில் சண்டையாகிறது.

என்னிடம் வந்து கேட்கவும் ஆட்கள் உண்டு. நீதான் இன்ஜினியராச்சே, கணக்குப் போட்டுச் சொல்லேன் என்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. தலைமுடியில் பாதி கனத்துக்குத் தப்பு இருந்தாலும் கண்டுபிடித்து எழுதிவைப்போம். அதனால் வானத்தையும் அளந்துவிடுவேன் என்று நினைக்கிறார்கள். அளக்கலாம்தான். போனிலேயே அதற்குச் செயலி இருக்கிறது. ஊரையும் தேதியையும் கொடுத்தால் பிறை எவ்வளவு உயரத்தில், எவ்வளவு நேரம் நிற்கும் என்று காட்டிவிடும். வரப்போகிற தேதிதான் என்றில்லை, போன தேதிகளையும் கேட்கலாம். நான் நிறையத் தேதிகளைக் கேட்டிருக்கிறேன். ஒரு தேதியை மட்டும் இன்னும் கேட்கவில்லை.

நோன்பு புரட்டாசியோடு சேர்ந்து வந்த வருடம் அது. எனக்குப் பத்து வயது. திருநின்றவூரில், ஸ்டேஷனிலிருந்து ஏரிக்குப் போகிற வழியில், ஒரே வீட்டின் இரண்டு போர்ஷன்களில் வாடகைக்கு இருந்தோம். முன்பக்கம் அத்தா, அம்மா, நான். பின்பக்கம் அத்தாவின் தம்பியான சாச்சா, சாச்சி, என்னைவிடச் சில மாதமே சின்னவளான அவர்கள் மகள். நடுவில் ஒரு கதவு. அதற்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் கிடையாது. காற்றில் சாத்திக்கொள்ளக் கூடாது என்று சாச்சா தன் கடையிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் துண்டு கொண்டுவந்து கதவுக்கு அடியில் செருகியிருந்தார். சமையல் எங்கள் பக்கம், துணி துவைப்பது அவர்கள் பக்கம். அம்மாவுக்கும் சாச்சிக்கும் சேர்த்து ஒரே அம்மி, ஒரே மிக்ஸி, ஒரே பிரியாணி தேக்சா.

அத்தா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர், காலை ரயிலில் போவார். சாச்சா பூந்தமல்லியில் சோபா தைக்கும் கடை வைத்திருந்தார், பஸ்ஸில் போவார். இரவில் இரண்டு பேர் சட்டைகளும் ஒரே ஆணியில் தொங்கும். அத்தாவுடையதில் கிரீஸ் வாசனை, சாச்சாவுடையதில் பசை வாசனை. இன்றைக்கும் ஒரு புதிய சோபாவில் உட்கார்ந்தால் எனக்குச் சாச்சா ஞாபகம்தான் வருகிறது.

அந்த வருடம் சாச்சா பூந்தமல்லியில் ஒரு மாடியில் தொழுகை நடக்கும் இடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் இளவட்டம். உலகத்தில் எங்கே பிறை தெரிந்தாலும் அது எல்லாருக்கும் பிறைதான் என்பது அவர்கள் பேச்சு. அத்தாவுக்கோ ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஷீட் கூரை போட்ட எங்கள் பள்ளிவாசல்தான், அங்கே தொழவைக்கும் ஹஜ்ரத் சொல்வதுதான். நம் பக்கத்து வானத்தில் கண்ணால் பார்த்தவர் சாட்சி சொன்னால்தான் பிறை. அண்ணன் தம்பிக்குள் குரல் உயரவில்லை. சாச்சா எங்களுக்கு ஒரு நாள் முன்னால் நோன்பு பிடித்தார், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இட்லி தின்றுகொண்டிருந்தோம். அந்தப் பக்கம் சாச்சா மகள் முதல் நோன்போடு சுவரில் சாய்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். அந்தக் கதவை யாரும் கையால் சாத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மாவின் நோன்புச் சமையலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நோன்போடு சமைக்கிறவர்கள் நுனி நாக்கில் வைத்து உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம், குற்றமில்லை என்று ஹஜ்ரத்தே சொல்லியிருந்தார். அம்மா செய்யமாட்டாள். கைக்கணக்கில் போடுவாள். மற்ற பதினொரு மாதமும் பிசகாத அந்தக் கை நோன்பு மாதத்தில் மட்டும் ஏனோ தடுமாறும். அத்தா முதல் வாய் வைத்துவிட்டு, "இன்னிக்கு ஏரித் தண்ணியா, கடல் தண்ணியா?" என்பார். சாச்சா கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "கூவம், அண்ணே" என்பார். எல்லாரும் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள். அடுத்த நாளும் நாக்கில் வைக்கமாட்டாள்.

மாதத்தின் பாதியில் ஒரு நாள், சமோசாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டே சாச்சி அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "பெருநாளும் தனித்தனியாப் போச்சுன்னா இவரு பூந்தமல்லியிலயே வீடு பாத்துருவாரு அக்கா. கடைக்குப் பக்கம்னு காரணத்தை ரெடியா வெச்சிருக்காரு. நோன்பு தனி, பெருநாள் தனி, இன்னும் ஒரே வீடு எதுக்குன்னு கேக்குறாரு."

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பெருநாள் ஒண்ணா வந்துடும்" என்றாள்.

நான் மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கரித்துண்டால் நான்கு கட்டம் போட்டேன். இப்படித்தான் யோசிப்பேன் அப்போதே. பிறைக் கணக்கில் மாதம் இருபத்தொன்பதில் முடியும், இல்லாவிட்டால் முப்பதில். சாச்சாவின் மாதம் எங்களுக்கு ஒரு நாள் முன்னால் ஓடுகிறது. அவருக்கு முப்பது, எங்களுக்கு இருபத்தொன்பது என்று அமைந்தால் ஒரே நாளில் பெருநாள். மற்ற மூன்று கட்டத்திலும் தனித்தனி. நான்கில் ஒன்று. சாச்சா மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்த ஒண்ணை மட்டும் வெச்சுக்கலாம்டி, மத்ததை அழிச்சுரு" என்றாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் அதில் தனிக் காரணம் இருந்தது. ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரே துணியில் எடுத்த உடுப்புதான் எங்களுக்கு. சாச்சி தைப்பாள். அந்த வருடம் கிளிப்பச்சை. ஓரத்துக்கு வைக்க ஜரிகை போதாமல், சாச்சா கடையில் சோபாவுக்கு வைத்துத் தைக்கும் தங்கநிறப் பைப்பிங்கை எடுத்துக் கழுத்திலும் கையிலும் வைத்துவிட்டாள். கழுத்தைத் திருப்பினால் குத்தும். ராஜகுமாரி உடுப்பு என்று நினைத்துக்கொண்டோம். தொழுகை முடிந்ததும் அத்தா எங்களை ஸ்டேஷன் ரோடு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போவார். நீர்வீழ்ச்சி வரைந்த திரைக்கு முன்னால், ஒரே உடுப்பில், கையைக் கோத்துக்கொண்டு ஒரு படம். வருடத்துக்கு ஒன்றாக அம்மாவின் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும்.

சாச்சாவுக்கு இருபத்தொன்பது ஆன இரவு வெளிநாட்டிலிருந்து தகவல் வந்தது, அங்கே பிறை தெரியவில்லை. அப்படியானால் அவருக்கு முப்பது நோன்பு. நான் விடிந்ததும் மாடிக்கு ஓடி இரண்டு கட்டங்களை அடித்தேன். மீதி இரண்டு. இனி எங்கள் இருபத்தொன்பதாம் நோன்பின் சாயங்காலம், அதாவது அன்றைக்கே, நம் வானத்தில் பிறை தெரிந்தால் போதும்.

வானம் காலையிலிருந்தே சரியில்லை. புரட்டாசி மேகம், பெய்யவும் பெய்யாது, விலகவும் விலகாது. பகல் முழுக்க நான் படியேறிப் படியிறங்கினேன். நோன்போடு ஓடாதே, தாகம் எடுக்கும் என்று சாச்சி திட்டினாள். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. சாயங்காலம் அத்தா வேலையிலிருந்து வந்து, கையில் ஒரு பேரீச்சம்பழத்தோடும் தண்ணீர்ச் செம்போடும் மாடிக்கு வந்தார். பாங்கு சொன்னதும் அங்கேயே நோன்பைத் திறந்துவிட்டு மேற்கே பார்த்தார். நானும் பார்த்தேன். தென்னைகளுக்கு மேலே சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அத்தா சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

அவர் போன சிறிது நேரத்தில் காற்று எழுந்தது. கொடியில் சாச்சியின் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. மழை வந்துவிடும் என்று அம்மா கஞ்சிக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு மேலே ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். அம்மா ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்தாள், நான் மற்ற இரண்டைப் பிடித்தேன். மடிப்பதற்காக என்னை நோக்கி வந்தவள் பாதியில் நின்றாள். என் தலைக்கு மேலே எதையோ பார்த்தாள். திரும்பினேன்.

மேகம் ஒரு ஜன்னல் அளவுக்குத் திறந்திருந்தது. அதற்குள் பிறை. அப்பளத்தை எண்ணெயில் போட்டதும் முதலில் ஓரம் மட்டும் வெளுக்குமே, அவ்வளவு மெல்லிசு. இரண்டு முனையும் மேலே பார்த்துக் கூராக இருந்தன. அம்மா போர்வையின் முனையையே தலைக்கு முக்காடாக இழுத்துவிட்டுக் கொண்டு கையேந்தினாள். துஆ முடிவதற்குள் ஜன்னல் மூடிக்கொண்டது. பெரிய பெரிய சொட்டாக நாலு மழைத்துளி விழுந்தது.

"அம்மா, நாலாவது கட்டம்" என்றேன். அவளுக்கு அது புரிந்திருக்காது. ஆனால் சிரித்தாள். படியிறங்கும்போது போர்வை தரையில் புரண்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அத்தா திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள். பள்ளிவாசலில் இன்னும் முடிவு சொல்லவில்லை, ஹஜ்ரத் நாலு ஊருக்குப் போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றார் அத்தா.

"நான் பாத்தேங்க" என்றாள் அம்மா.

"எதை?"

"பிறையை. துணி எடுக்கப் போனப்ப. தென்னைக்கு மேல."

அத்தா செருப்பைக் கழற்றவில்லை. அம்மாவையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "மேகத்தோட விளிம்பா இருக்கும்" என்றார்.

"மேகத்துக்கு ரெண்டு முனையும் கூரா இருக்குமா? இவளும் பாத்தா."

"சின்னப் பிள்ளை சாட்சி எடுபடாது." பிறகு கொஞ்சம் தணிந்து, "நீ பாத்தேன்னு நான் போய்ச் சொன்னா நீயே வந்து சொல்லணும்பாங்க. அத்தனை ஆம்பளைங்க நடுவுல வந்து நின்னு சொல்லுவியா?" என்றார்.

"சொல்லுவேன்" என்றாள் அம்மா.

அத்தா அதை எதிர்பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவர் கை சைக்கிள் ஹேண்டிலுக்குப் போனதை நான் பார்த்தேன். போயிருப்பார். இன்றைக்கும் நான் அப்படித்தான் நம்புகிறேன். அதற்குள் நடுக்கதவு வழியாகச் சாச்சா வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு.

"நான்தான் அப்பவே சொன்னேனே அண்ணே. வானம் ஒண்ணுதான்னு. அண்ணியே பாத்துட்டாங்க பாரு, இப்ப என்னா சொல்றே?"

சாச்சா அதைச் சந்தோஷத்தில்தான் சொன்னார். அத்தா கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துவிட்டார். "மழை மேகம்டா. ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா வாசலில் நின்றபடியே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கமிருந்து மைக் சத்தம் வந்தது. எங்கும் பிறை தென்படாததால் நாளை முப்பதாம் நோன்பு.

என் வேலையில் ஓர் அளவை இரண்டு பேர் தனித்தனியாக எடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் சான்றிதழ். அந்த விதியை முதன்முதலில் படித்த நாள் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு இரண்டு பேர் பார்த்தோம், இரண்டும் ஒத்துப்போயின. அத்தா வானத்தைப் பற்றி முடிவெடுத்ததாகத்தான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எடுத்தது தம்பியைப் பற்றிய முடிவு.

மறுநாள் சாச்சா வீட்டுக்குப் பெருநாள், எங்களுக்கு நோன்பு. அவர்கள் மூன்று பேரும் விடியும்போதே பூந்தமல்லித் திடலுக்குத் தொழப் போய்விட்டார்கள். கிளம்பும் முன் சாச்சா மகள் கிளிப்பச்சை உடுப்பில் நடுக்கதவருகே வந்து நின்று, "நீயும் போட்டுக்கோயேன், யாருக்குத் தெரியும்" என்றாள். நான் தலையாட்டி மறுத்தேன். அவள் கழுத்துப் பைப்பிங்கைச் சொறிந்துகொண்டே போனாள். மதியம் சாச்சியின் அண்ணன் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. ஆக, பிரியாணி ஆக்க வேண்டியது அம்மா. எங்களுக்குக் காலாண்டு விடுமுறை. அத்தா லீவைப் பெருநாளுக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லி வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் நோன்போடு அம்மாவும் நானும், அடுப்பில் தேக்சாவும்.

தயிரும் புதினாவும் கறியும் வதங்கும் வாசனையில் நோன்போடு இருப்பது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். நான் சமையலறைக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன். அம்மாவும் நிலைகொள்ளாமல்தான் இருந்தாள். உப்புக் கிண்ணத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். வீட்டுக்குச் சமைத்தால் ஏரியோ கடலோ, சிரித்துவிட்டுத் தின்போம். இது விருந்தாளிக்கு. பெருநாள் சாப்பாடு. அதுவும் கதவுக்கு இரண்டு பக்கமும் குறை பார்த்துப் பேச ஆள் காத்திருக்கும் நாளில்.

எதிர்வீட்டுப் பெரியம்மாவைக் கூட்டிவரச் சொன்னாள். ஏரிக்கரையில் ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம் அவர்களுடையது, இப்போது மகன் மினிவேன் ஓட்டினார். பெரியம்மாதான் எங்கள் வீட்டுப் பிரியாணிக்கு எந்த வருடமும் முதல் ஆள். அன்றைக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா நீ, புரட்டாசியில வந்து கூப்பிடுறே? மாசம் பூரா கவுச்சி தொடாம கீறேன். இந்த வாசனையில நான் ஊட்ல கீறதே பெருமாள் புண்ணியம். நான் எங்க உப்புப் பாக்குறது?"

"உங்க ஊட்ல சின்னப் பசங்க யாராச்சும்?"

"அதுங்களும் நாமம் போட்டுக்கினு கீதுங்க." பெரியம்மா சிரித்துவிட்டார். "நீயும் நோன்பு, நானும் நோன்பு. தெருவுல இன்னிக்கு எவ நாக்கும் சும்மா இல்ல போ. கைய நம்பிப் போடு."

அவர் போன பிறகு அம்மா தேக்சாவை மூடினாள். மூடியின் மேல் தணலைப் போட்டாள். அப்புறம் குளிக்கப் போனாள். காலையில் ஒரு தடவை குளித்தவள்தான். திரும்பி வந்தபோது பெருநாளுக்கென்று பெட்டியில் மடித்துவைத்திருந்த புடவையைக் கட்டியிருந்தாள். காதுமடலுக்குப் பின்னால் அத்தர். நண்பகல் லுஹர் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது, ஆனால் அம்மா பாயை விரித்து இரண்டு ரக்அத் தொழுதாள். நான் கதவோரம் நின்று ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழுது முடித்துச் சமையலறைக்குப் போனாள். தணலை ஒதுக்கி மூடியைத் திறந்தாள். ஒரு சின்னத் தட்டில் ஒரு பிடி சோறு, ஒரு கறித்துண்டு எடுத்து வைத்தாள். சின்ன மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, ஒரு வாய் உண்டாள். நுனி நாக்கில் அல்ல. மென்று, விழுங்கினாள்.

மாதம் முழுக்க உப்பை நாக்கில் வைக்காத அம்மா.

அம்மா என்னைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. "உப்பு கம்மி" என்றாள். கொதிநீரில் உப்பைக் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, சோற்றின் மேல் சுற்றித் தெளித்து மூடினாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"நேத்து நீ பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன்."

"நான் காட்டியா பாத்தே?"

"இல்லம்மா. திரும்பினேன். இருந்துச்சு."

"அப்ப உக்காரு."

நான் உடனே உட்காரவில்லை. அத்தா ஆவடியில் நோன்போடு கிரீஸ் கையோடு நிற்பார் என்று நினைத்தேன். மைக்கில் கேட்ட குரலை நினைத்தேன். பெருநாள் அன்றைக்கு நோன்பிருப்பது கூடாது, நோன்பு நாளில் உண்பதும் கூடாது, இரண்டும் மதரசாவில் படித்தவைதான். எந்தப் பக்கம் போனாலும் தப்பு என்று தோன்றியது. கால் பரபரத்தது, மாடிக்கு ஓட வேண்டும்போல இருந்தது. அம்மா வற்புறுத்தவில்லை. தட்டில் பாதியை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்துவிட்டுத் தன் பாதியைத் தின்றாள். நான் உட்கார்ந்தேன். சுடச்சுட இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் தின்ற சோறு. அம்மா இடது கையால் என் தலையில் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு, "பெருநாள்" என்றாள். அவ்வளவுதான் எங்கள் பெருநாள் வாழ்த்து.

மதியம் விருந்தாளிகள் வந்தார்கள். சாச்சா முதல் வாய் வைத்ததும் கதவுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "அண்ணி, நோன்போட ஆக்கி உப்பு இவ்ளோ கரெக்டா! இன்னிக்குக் கூவமும் இல்ல, கடலும் இல்ல" என்றார். அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சாச்சி மட்டும் பரிமாறிய கரண்டியை அப்படியே பிடித்தபடி அம்மாவின் புடவையைப் பார்த்தாள், காதோரம் பார்த்தாள். அத்தர் வாசனை அவளுக்குத் தெரியாதா. போகிற போக்கில் அம்மாவின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அத்தா வந்தார். பாங்கு சொன்னதும் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கடித்தாள். நானும் கடித்தேன். அத்தா பிரியாணியை ஒரு வாய் தின்று, வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. இரண்டாவது வாய் தின்றார். முழுத் தட்டையும் முடித்தார். அவருக்கு அப்போது தெரிந்ததா, இல்லையா? பத்து வயதிலிருந்து இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பெருநாளன்று நான் கிளிப்பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டு நடுக்கதவைத் தள்ளினேன். அந்தப் பக்கம் ஆள் இல்லை. சாச்சா காலையிலேயே எல்லாரையும் பூந்தமல்லிக்குக் கூட்டிப் போய்விட்டார், வீடு பார்க்க. அத்தா ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார். தனியாக வேண்டாம் என்றேன். அலமாரிக் கதவில் அந்த வருடத்துக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. அதற்கு அடுத்த வருடத்துக்கும் படமில்லை. அவர்கள் காலி செய்த பின்போர்ஷனுக்கு வேறு குடும்பம் வந்தது, வீட்டுக்காரர் நடுக்கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டார். ஸ்பாஞ்ச் துண்டை நான் எடுத்து வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் பொடியாகிவிட்டது.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணங்களுக்கு வருகிறார்கள், போகிறோம். சாச்சா இப்போது குத்தம்பாக்கம் பக்கம் மனை வாங்கிச் சொந்த வீடு கட்டியிருக்கிறார். சாச்சா மகள் நம் குழுவில்தான் இருக்கிறாள். "எங்களுக்கு நாளைக்கு, உங்களுக்கு?" என்று கேட்பவர்களில் அவளும் ஒருத்தி. அவள் கேட்கும்போது மட்டும் நான் உடனே பதில் போடுவதில்லை.

அந்தத் தேதியை நான் ஏன் செயலியில் கேட்கவில்லை என்றால், அது 'தெரிந்திருக்காது' என்று சொல்லிவிடலாம். 'தெரிந்திருக்கும்' என்றும் சொல்லலாம். இரண்டில் எது வந்தாலும், அந்த மணையில் உட்கார்ந்து பாதித் தட்டை ஒதுக்கிவைத்த அம்மாவை ஒரு இயந்திரம் சரிபார்த்ததாக ஆகிவிடும். பலமுறை தேதியைத் தட்டியிருக்கிறேன். கடைசி எண்ணில் விரல் நிற்கிறது.

இந்த வருடம் கடைசி நோன்புகளுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அதே தெருவில் இப்போது சொந்த வீடு. அத்தாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்றுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு இருபத்தொன்பது. பள்ளிவாசலுக்குப் போகாமல் அத்தா மாடியிலேயே தொழுதுவிட்டு, மேற்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போலச் சுற்றிச்சுற்றி வந்தேன். அம்மா கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். வானத்தில் துண்டு துண்டாக மேகம், நடுவில் வெளி. வெளியில் பிறை. எனக்கு நன்றாகவே தெரிந்தது. அம்மாவும் பார்த்துவிட்டாள் என்பது அவள் கை நின்றதில் தெரிந்தது.

அத்தா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, என்னைக் கேட்காமல், அம்மாவிடம் திரும்பினார்.

"எனக்குச் சரியாத் தெரியல. நீ பாத்துச் சொல்லேன். நீ சொன்னா நான் ஹஜ்ரத்துக்குப் போன் போடுறேன்."

அம்மா மடித்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டாள். மேற்கே ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"மேகத்தோட விளிம்பா இருக்கும்" என்றாள்.

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அத்தா சுவரைப் பிடித்தபடியே நின்றார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று பார்க்க நான் கிட்டே போனேன். அவர் வானத்தைப் பார்க்கவில்லை, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே சமையலறையில் அம்மா பரணிலிருந்து தேக்சாவை இறக்கிவைத்து, நாளைய பிரியாணிக்கு அரிசி அளந்து போடும் சத்தம் கேட்டது.

அத்தா சட்டைப்பையில் போனைத் தேடினார்.